டி-ஷர்ட் குடுப்பாங்கப்பா

2015 ஜூன் 16, காலை ஆறரை மணி. லாஸ் ஏஞ்சலஸில் அது முந்தின நாள் மாலை. ஈ3 வீடியோ கேம் கண்காட்சியில் சோனி நடத்திய நிகழ்ச்சியை, பல்கூட விளக்காமல், யூடியூபில் பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருடமாகக் காணாமல் போயிருந்த ‘தி லாஸ்ட் கார்டியன்’ வந்தது. ‘ஃபைனல் ஃபேன்டசி 7’-ஐ மறுபடி செய்கிறோம் என்றார்கள். அதற்கப்புறம் கேம் வடிவமைப்பாளர் யூ சுசுகி மேடையேறினார். ‘ஷென்மூ 3’. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள் என்பதை மறந்து கத்திவிட்டேன். அம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

கேம் இன்னும் இல்லை என்பது அடுத்த நிமிடம்தான் புரிந்தது. ரசிகர்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 20 லட்சம் டாலர் சேர வேண்டும், சேர்ந்தால் செய்வார்கள். பர்ஸை எடுத்தேன். என் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதி வாங்கி வைத்திருக்கவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தும் மறுத்துவிட்டது. வங்கி திறந்து, படிவம் கொடுத்து, ஆபீஸ் போய், சாயங்காலம் மறுபடி பக்கத்தைத் திறந்தால் 20 லட்சம் தாண்டிவிட்டது. எல்லாம் சேர்ந்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தால் அதிகம்.

சரி, நான் இல்லாமலே தேர் நிலையைவிட்டுக் கிளம்பிவிட்டது என்று கார்டை உள்ளே வைத்தேன். ஏமாற்றம்தான். ஆனால் பரபரப்பு அடங்கின பிறகு ஒன்று உறுத்தியது. சோனியின் மேடை, சோனியின் விளக்கு, சோனியின் கேமரா. அங்கே நின்றுகொண்டு என்னிடம் ஏன் கேட்டார்கள்?

ஷென்மூ தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலிருந்து மாமா ஒரு விடுமுறைக்கு சேகா கம்பெனியின் ட்ரீம்காஸ்ட் கேம் கன்சோலைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அது இல்லை. ஷென்மூவின் கதை 1986-ல் ஜப்பானின் யோகோசுகாவில் ஆரம்பிக்கிறது. அப்பாவைக் கண்ணெதிரே கொன்றவனைத் தேடி ர்யோ என்ற பையன் கிளம்புகிறான். கிளம்புகிறான் என்றால் கத்தியை உருவிக்கொண்டு அல்ல. வீடு வீடாகப் போய் விசாரிக்கிறான். கடை திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்கிறான். மழை பெய்கிறது, பனி விழுகிறது. நடுவில் கேம் பார்லருக்குப் போய், சுசுகியே முன்பு செய்த ‘ஹாங்-ஆன்’ ஆடலாம். பாதிக் கதையில் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலைக்குச் சேர்கிறான். காலையில் போய்ப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கி, சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதுதான் கேம். கொலைக்குப் பழி வாங்க வந்தவன் தினக்கூலிக்குப் போகிறான் என்று மாமா சிரித்தார். எனக்கு அதுதான் பிடித்தது.

அந்த முதல் கேம் 1999 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. அதற்கு ஆன செலவு 4 கோடியே 70 லட்சம் டாலர் என்று சுசுகியே பின்னாளில் சொன்னார். இரண்டாம் பாகம் 2001-ல் வந்தது. அதே வருடம் சேகா கன்சோல் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. கதை ஒரு குகைக்குள் அந்தரத்தில் நின்றது, பதினான்கு வருடம். அப்படி நின்றதால்தான் அந்தக் காலையில் நான் கத்தினேன்.

இப்போது கணக்குப் பாருங்கள். முதல் பாகத்துக்கே 4 கோடியே 70 லட்சம். பதினைந்து வருடம் கழித்து மூன்றாம் பாகத்துக்கு 20 லட்சம் போதுமா? போதாது. போதும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. வேறு எங்கிருந்தோ பணம் வருகிறது என்பது அந்தத் தொகையிலேயே எழுதியிருந்தது. தாங்களும் கைகொடுக்கிறோம் என்று சோனி தரப்பும் சீக்கிரமே சொன்னது. எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. பிரச்சாரம் முடிந்தபோது 69,320 பேர் 63 லட்சம் டாலருக்கு மேல் போட்டிருந்தார்கள். அதில் பெரும்பாலானோர் தங்கள் பணத்தில்தான் கேம் உருவாகிறது என்று நம்பியிருப்பார்கள். என் புரிதல் வேறு. அவர்கள் கொடுத்தது ஓட்டு. 69,320 பேர் காசு கட்டிப் போட்ட ஓட்டு. அதைப் பார்த்துத்தான் உண்மையான பணம் பெட்டியைத் திறந்தது.

இது என் கற்பனை அல்ல. வெளிப்படையாகவே சொல்லிச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். கொனாமியில் வருடக்கணக்கில் ‘காசில்வேனியா’ கேம்களைத் தயாரித்த கோஜி இகராஷி, வெளியே வந்து அதே பாணியில் ஒன்றைச் செய்ய நினைத்தார். இந்த மாதிரி கேமை இனி யார் வாங்குவார்கள் என்று பப்ளிஷர்கள் கைவிரித்தார்கள். 2015 மே மாதம் ‘பிளட்ஸ்டெயின்ட்’ என்ற பெயரில் கிக்ஸ்டார்ட்டருக்கு வந்தார். கேட்டது 5 லட்சம் டாலர். இது பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்குதான், மீதி ஒன்பது பங்கு தயாராக இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள் என்று காட்டினால் கிடைக்கும் என்று பக்கத்திலேயே எழுதிவைத்தார். மக்கள் 55 லட்சம் கொடுத்தார்கள். தள்ளித் தள்ளிப் போய் 2019 ஜூனில் வந்த கேம் நன்றாகவே இருந்தது. பணம் போட்டவர்களுக்கு, தாங்கள் செய்தது முதலீடு அல்ல, சாட்சி சொல்வது என்று முதல் நாளே தெரியும். இகராஷிமேல் எனக்கு மரியாதை வந்தது அந்தக் கேமுக்காக மட்டும் இல்லை.

அந்த மரியாதைக்கு எதிர்முனையும் உண்டு. 2012-ல் டபுள் ஃபைன் ஸ்டூடியோ ஒரு சாகச கேமுக்காக 4 லட்சம் டாலர் கேட்டு 33 லட்சம் வாங்கியது. அதைப் பார்த்து எல்லாருக்கும் நாக்கில் எச்சில் ஊறியது. அதே வருடம் அப்சிடியன் ஸ்டூடியோவின் தலைவர் ஃபெர்கஸ் உர்குஹார்ட் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். சில பப்ளிஷர்கள் அவரை அணுகியிருக்கிறார்கள். யோசனை இதுதான்: அப்சிடியன் தன் பெயரைச் சொல்லி ரசிகர்களிடம் பணம் திரட்டி கேமைச் செய்ய வேண்டும், பப்ளிஷர் வெளியிடுவார். பிராண்ட் பப்ளிஷருக்கு, லாபத்தில் ஒரு பகுதி மட்டும் ஸ்டூடியோவுக்கு. அரிசி உன்னுடையது, உமி என்னுடையது, இரண்டு பேரும் ஊதி ஊதித் தின்போம் என்ற கதையேதான். அவர் மறுத்துவிட்டு, சொந்தமாகவே கிக்ஸ்டார்ட்டர் போட்டு 39 லட்சத்துக்கு மேல் வாங்கி, 2015-ல் ‘பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி’யைச் சொன்னபடி கொண்டுவந்தார். மறுக்காதவர் யாராவது இருந்தால் அது நமக்குத் தெரிய வழியே இல்லை. எனக்கு அதுதான் பயம்.

இனி என் சொந்தக் கதை. ஷென்மூவைத் தவறவிட்ட இரண்டு மாதத்தில் இன்னொரு பழைய ஜாம்பவானின் ஸ்டூடியோ ஒரு கேமுக்குப் பணம் திரட்டியது. பெயர் வேண்டாம். கார்டு இப்போது தயார். தபால் செலவு சேர்த்து 65 டாலர், அப்போதைய விலைக்கு நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். வங்கிக் குறுஞ்செய்தி அப்பாவின் நம்பருக்குப் போகும்படி இருந்ததை மறந்துவிட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர் அவர்.

“என்னடா இது, அமெரிக்காக்காரன் நாலாயிரம் எடுத்திருக்கான்?”

“ஒரு கேம்ப்பா. இனிமேதான் செய்யப்போறாங்க. அதுக்கு எல்லாரும் காசு போடறோம்.”

“சின்னப் பசங்களா?”

“இல்லப்பா, பெரிய ஆளு. இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்காரு.”

“அப்ப பங்கு தருவாங்களா?”

“இல்லப்பா.”

“வட்டி?”

“கிடையாது.”

“செய்யாம விட்டுட்டா அசலாவது வருமா?”

“அது… சொல்ல முடியாதுப்பா. டி-ஷர்ட் குடுப்பாங்கப்பா.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். “மொய் வச்சாக்கூட நோட்டுல எழுதிக்குவான், நம்ம வீட்டு விசேஷத்துக்குத் திருப்பி வைப்பான். இது எந்தக் கணக்குல வரும்?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு இந்தப் பத்து வருடத்தில் நான் எத்தனையோ பதில் யோசித்திருக்கிறேன்.

டி-ஷர்ட் வந்தது. எக்ஸ்எல் கேட்டேன், ஜப்பானிய எக்ஸ்எல் வந்தது. தம்பி போட்டுக்கொண்டான். கேம் மூன்று வருடம் தாமதமாக வந்தது. நான் டிக் அடித்த கன்சோலுக்கு இனி வராது, பதிலுக்குக் கம்ப்யூட்டருக்கான கீ தருகிறோம் என்று ஒரு மின்னஞ்சல். என் லேப்டாப்பில் அது ஓடவில்லை. இதில் மோசடி ஒன்றும் இல்லை. அவர்கள் உண்மையாகவே முயன்றார்கள், திட்டம் கைமீறிப் போனது. கடையில் வாங்கியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆனால் நான் வாடிக்கையாளன் இல்லையே. பங்குதாரனும் இல்லை. எக்ஸ்எல் டி-ஷர்ட்டின் அண்ணன், அவ்வளவுதான்.

கிக்ஸ்டார்ட்டர் இதை ஒளித்துவைக்கவில்லை. நாங்கள் கடை அல்ல என்று 2012-லேயே பதிவு எழுதிச் சொன்னது. இலக்குத் தொகை எட்டினால்தான் பணம் எடுப்பார்கள், எடுத்ததில் 5 சதவீதம் அவர்கள் கட்டணம். அதற்குப் பிறகு நடப்பது பணம் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் இடையில். ஆள் பெயர் தெரியாத இரண்டு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து செய்யும் கேம் என்றால் இந்த ஏற்பாடு நியாயம். அவர்களிடம் வேறு எதுவும் இல்லை, கொடுப்பவனும் தெரிந்தேதான் கொடுக்கிறான். பெயர் பெற்ற கம்பெனி அதே ஜன்னலில் வந்து கை நீட்டும்போதுதான் கணக்கு இடிக்கிறது. வழக்கமாக பப்ளிஷர் என்ன செய்வார்? பணம் போடுவார், கேம் ஓடாவிட்டால் நஷ்டப்படுவார். அதனால் லாபத்தில் பெரும்பங்கு அவருக்கு. இங்கே நஷ்டப்படும் வேலையை மட்டும் பெயர்த்தெடுத்து நம் தலையில் வைக்கிறார்கள். லாபம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆக்குலஸை நினைத்துப் பாருங்கள். 2012-ல் 9,522 பேர் 24 லட்சம் டாலர் போட்டு அந்த விஆர் கண்ணாடியை உலகுக்குக் காட்டினார்கள். 2014 மார்ச்சில் ஃபேஸ்புக் அந்தக் கம்பெனியை 200 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக அறிவித்தது. போட்டவர்களுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. சட்டப்படி கேட்கவும் முடியாது. அவர்கள் வாங்கியது ஒரு சோதனைக் கருவி, அது வந்து சேர்ந்துவிட்டது. 2016-ல் விற்பனைக்கு வந்த புதிய ரிஃப்டை, கிக்ஸ்டார்ட்டரில் கருவிக்குப் பணம் போட்டவர்களுக்கு இலவசமாகவே அனுப்பினார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் கல்யாண மண்டபமே தன்னுடையதாகிவிட்டவன், வாசலில் நிற்பவனுக்குத் தாம்பூலப் பை கொடுத்த மாதிரி இருந்தது.

இந்தக் குறை தெரிந்து ‘ஃபிக்’ என்று ஒரு தளம் 2015-ல் வந்தது. ரசிகர் விரும்பினால் கேம் வாங்கலாம், இல்லையென்றால் வருமானத்தில் பங்கு கிடைக்கும்படி முதலீடு செய்யலாம். ‘சைக்கோநாட்ஸ் 2’ அங்கேதான் 38 லட்சம் டாலர் திரட்டியது. பங்கு தருவாங்களா என்ற அப்பாவின் கேள்விக்கு ஆம் என்று சொன்ன இடம் அது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. ரசிகனாக இருப்பதிலேயே தலைவலி போதும், முதலீட்டாளனாக வேறு ஆக வேண்டுமா என்று தோன்றியது. அந்தத் தளம் 2020-ல் வேறு நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது.

‘மைட்டி நம்பர் 9’ பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முடியாது. ‘மெகா மேன்’ புகழ் கெய்ஜி இனாஃபுனே, 2013-ல் 9 லட்சம் கேட்டு கிக்ஸ்டார்ட்டரிலேயே 38 லட்சத்துக்கு மேல் திரட்டினார். கேம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2016 ஜூனில் வந்தபோது, காத்திருந்தவர்களுக்கே பிடிக்கவில்லை. மோசமான கேம் வருவது குற்றமில்லை, யாருக்கும் நடக்கும். எனக்கு உறுத்தியது வேறு. முதல் கேம் இன்னும் கைக்கு வராத 2015 ஜூலையிலேயே அதே ஸ்டூடியோ ‘ரெட் ஆஷ்’ என்று அடுத்த கிக்ஸ்டார்ட்டரை ஆரம்பித்தது. அது இலக்கை நோக்கித் தடுமாறிக்கொண்டிருந்தபோது ஃபியூஸ் என்ற சீன நிறுவனம் அடிப்படை கேமுக்கான பணத்தைத் தாங்கள் தருவதாக முன்வந்தது. அப்போதாவது ரசிகர்களிடம் கேட்பதை நிறுத்தியிருக்கலாம். இல்லை, உங்கள் பணம் கூடுதல் அம்சங்களுக்குப் போகும் என்று தொடர்ந்தார்கள். ரசிகர்கள் இலக்கை எட்டவிடவில்லை. கூட்டத்துக்கும் கணக்குத் தெரியும் என்று அன்று சந்தோஷப்பட்டேன்.

பெரிய பெயர்கள் அத்தனையும் அயோக்கியம் என்று சொல்ல வரவில்லை. லேரியன் ஸ்டூடியோ 2013-லும் 2015-லும் இரண்டு ‘டிவினிட்டி’ கேம்களுக்கு ரசிகர்களிடம் வந்தது. இரண்டும் பிரமாதமாக வந்தன. ‘பால்டர்ஸ் கேட் 3’ செய்யும் அளவு வளர்ந்ததும் கிக்ஸ்டார்ட்டர் பக்கம் வரவில்லை. 2020 அக்டோபரில் முழு விலைக்கு, ஆனால் கையில் ஆடக்கூடிய முதல் பகுதியோடு ஆரம்ப விற்பனை செய்தது. அதிலும் ஆபத்து உண்டுதான். ஆனால் காசு கொடுத்த அன்றே கையில் ஒன்று இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் மற்றவர்களிடம் சொல்லலாம், வாங்காதே என்று. வெறும் டிரெய்லரைப் பார்த்துக் கொடுத்தவனால் அதைக்கூடச் சொல்ல முடியாது.

மறுபக்கம், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சின்னக் குழு. 2014-ல் 2,158 பேர் சேர்ந்து 57,138 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தார்கள். ஷென்மூ 3-க்கு வந்ததில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதில் வந்ததுதான் ‘ஹாலோ நைட்’. கூடுதல் பணம் சேர்ந்தால் ஹார்னெட் என்ற பாத்திரத்தையும் ஆட வைக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அது வளர்ந்து வளர்ந்து ‘சில்க்சாங்’ என்ற தனி கேமாகி, 2025 செப்டம்பரில் வந்தது. அன்று காசு போட்டவர்களுக்கு அது இலவசம். பதினொரு வருடம் கழித்து மொய் நோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். “பொழைக்கத் தெரிஞ்ச பசங்க” என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

புனேயில் உருவான ‘ராஜி’ கேமையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. 2017-ல் அதைச் செய்தவர்கள் கிக்ஸ்டார்ட்டரில் கேட்ட தொகை சேரவில்லை. கேம் எப்படியோ 2020-ல் வந்துவிட்டது. நம் ஊர்க் கோயில்களும் கோட்டைகளும் நிறைந்த அந்தக் கேமுக்கு நான் அன்று காசு போடவில்லை. அதற்குமுன் ஜப்பானிய ஜாம்பவானுக்குப் போட்டதோடு என் ஆர்வம் தீர்ந்திருந்தது. ரசிகனின் பையில் இருப்பது கொஞ்சம்தான். பெரிய பெயர் ஒன்று வந்து அள்ளிக்கொண்டு போனால், அடுத்த மாதம் வரும் தெரியாத பெயருக்கு என்ன மிஞ்சும்? இதை எந்தப் புள்ளிவிவரமும் வைத்துச் சொல்லவில்லை, என் பையைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஷென்மூ 3 கடைசியில் வந்தது. 2017 டிசம்பர் என்றது, 2019 நவம்பர் 19 ஆனது. நடுவில் டீப் சில்வர் பப்ளிஷராகச் சேர்ந்தது. 2019 ஜூனில், கம்ப்யூட்டரில் எபிக் என்ற இணையக் கடையில் மட்டும்தான் முதலில் வரும் என்றார்கள். ஸ்டீம் என்ற இன்னொரு இணையக் கடையில் கிடைக்கும் என்று நான்கு வருடமாகக் காத்திருந்தவர்கள் கொதித்தார்கள். பிறகு வேண்டாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள், அந்தச் செலவை எபிக் ஏற்றுக்கொண்டது. எந்தக் கடையில் விற்பது என்று பேசும் மேஜையில் அந்த 69,320 பேருக்கும் ஒரு நாற்காலிகூட இல்லை. ஷென்மூ என்ற பெயரும் அவர்களுடையது அல்ல. அது அன்றும் சேகாவுடையது, இன்றும் சேகாவுடையது.

கேமை முழு விலை கொடுத்து வாங்கி ஆடினேன். முதல் இரண்டு மணி நேரம் எனக்குப் பன்னிரண்டு வயது. ர்யோ அதே மாதிரி வீடு வீடாகப் போய் விசாரிக்கிறான். அதே மாதிரி கூலி வேலைக்குப் போகிறான், இந்த முறை விறகு வெட்டுகிறான். காலம் மாறியதே தெரியாத மாதிரி செய்திருந்தார்கள். அது சிலருக்குக் குறை, எனக்கு நிறை. முடிந்த பிறகு பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பணம் போட்டவர்களின் பெயர்கள். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் ட்யூப் லைட்டில் ‘உபயம்’ என்று குடும்பத்தோடு பெயர் எழுதியிருப்பார்கள். எழுத்து மறைத்ததுபோக மிச்சம் இருக்கும் இடத்தில்தான் வெளிச்சம் வரும். இந்தப் பட்டியலும் அப்படித்தான், முடிகிற வழியாக இல்லை. வேகமாகத் தள்ளிவிடலாம் என்று பொத்தானில் விரல் வைத்தேன். எடுத்துவிட்டேன். ஒருவேளை அன்று வங்கி ஏழு மணிக்குத் திறந்திருந்தால் என் பெயரும் இதில் எங்கேயாவது இருந்திருக்கும். கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன்.

கதை முடியவில்லை. ர்யோ இன்னும் பழி வாங்கவில்லை, நான்காம் பாகம் வேண்டும். போன பொங்கலுக்கு வந்திருந்த தம்பி, அந்த டி-ஷர்ட்டையே போட்டுக்கொண்டு, சுசுகி மறுபடி கை நீட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டான். மேடைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், அவர்கள் எவ்வளவு போடுகிறார்கள் என்று எழுதிக் காட்டினால் போடுவேன், இல்லையென்றால் மாட்டேன் என்றேன். உள்ளே நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார்: “போட்டுடுவான். இந்தத் தடவை எனக்கு ஒரு டி-ஷர்ட் சொல்லச் சொல்லு.”